மருந்துக்கும் பிறவிப் பெருமையா?

(வத்தல்மலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



நாம் இங்கு வருவதாகச் செய்தி தெரிந்தவுடன், "இவர்கள் வந்தால் சாமி இல்லை, பேய் இல்லை என்றுதான் பேசுவார்கள்" என்று அடிவாரத்தில் சிலர் சொல்லிக் கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களுக்கு இன்று ஏமாற்றம்தான். சாமி சங்கதியை மற்றொரு நாளைக்கு வைத்துக் கொள்ளுவோம். இன்று பெண்களுடைய மார்பில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றியும், அதற்கு இலை மருந்து மேலா, ஆஸ்பத்திரி மாத்திரை மேலா என்பதைப் பற்றியுமே பேசப் போகின்றோம். இந்த மலைத் தோழர்கள் சிலர் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக் கொண்டோம்.

மார்பு என்று சொன்ன மாத்திரத்தில் சில தோழர்கள் தலையைக் குனிந்து கொள்ளுகிறார்கள். தாய்மார்கள் முந்தானையைச் சரி செய்து கொள்ளுகிறார்கள். கோவில் கோபுரத்திலும் தேர்ச் சட்டத்திலும் நிர்வாணப் பொம்மைகளைச் செதுக்கி வைத்து, குடும்பத்தோடு போய்க் கும்பிடும்போது வராத வெட்கம், அந்த உறுப்பில் ஒரு வியாதி வந்தால் அதை வாயால் சொல்லுவதற்கு மாத்திரம் எங்கிருந்தோ வந்துவிடுகின்றது. இந்த வெட்கம் ஆளைக் கொல்லுகின்ற வெட்கம் என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். 2022-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு போட்ட கணக்குப்படி, அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் மாண்டார்கள். இந்த 98,000 பேரும் தலைவிதியால் செத்தார்கள் என்று சொல்லுகிறவர்களைக் கேட்கின்றோம். அதே வியாதி வந்த வெள்ளைக்காரப் பெண்களில் பெரும்பாலோர் ஏன் பிழைக்கின்றார்கள்? பிரம்மா அவர்கள் தலையில் மாத்திரம் வேறு எழுத்தாணியால் எழுதினாரா? அவர்கள் கட்டி சிறிதாயிருக்கும்போதே காட்டுகிறார்கள். நம்மவர்கள் அது புண்ணாகி நாறின பிறகு காட்டுகிறார்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

நிற்க, நாம் வைத்தியர் அல்ல. நான்கெழுத்துப் படித்ததும் சொந்த முயற்சியால்தான். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை. கேட்டு, விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் மாத்திரம் ஒப்புக் கொள்ளுங்கள்.

முதலில் இந்த நோயின் சங்கதி என்ன என்று பார்ப்போம். மழைக் காலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெண்ணுடைய கர்ப்பப்பையின் இரு பக்கத்திலும் சினைப்பை என்று உண்டு. அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்கின்ற ஒரு சுரப்பு நீர் உண்டாகி, இரத்தத்தோடு கலந்து உடம்பு முழுவதும் ஓடுகின்றது. பெண் பிள்ளை பருவமடைவதும், மார்பு வளருவதும் இந்த நீர் பாய்வதால்தான். மார்பிலுள்ள அணுக்களில் இந்த நீர் நுழைவதற்கென்று மடை போன்ற ஓர் அமைப்பு இருக்கின்றது. புற்று உண்டான அணுக்களிலும் பல பெண்களுக்கு இந்த மடை இருக்கின்றது. நம் நாட்டில் இந்த நோய் கண்டவர்களில் சுமார் பாதிப்பேர், அல்லது அதற்குச் சற்று அதிகமான பேர், இப்படிப்பட்டவர்கள். இவர்கள் விஷயத்தில் பயிருக்குப் பாய்கின்ற தண்ணீரைக் களை குடித்துக் கொழுப்பதுபோல், புற்று இந்தச் சுரப்பு நீரைக் குடித்து வளருகின்றது.

அப்படியானால் தண்ணீரை நிறுத்தினால் களை வாடுமல்லவா? இந்த யோசனையை 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் பீட்சன் என்பவர் வெளியிட்டார். முற்றிப்போன மார்பு நோய்க்காரப் பெண்களுக்கு அவர் சினைப்பையை அறுத்து எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கிற்று. ஊற்றையே தூர்த்துவிடும் வைத்தியம் இது. இதற்குப் பிறகு அறுபது, எழுபது வருஷம் கழித்து வந்ததுதான், ஊற்றைத் தூர்க்காமல் மடையில் மாத்திரம் கல்லை வைத்து அடைக்கின்ற மருந்து. அதற்கு டமாக்ஸிபென் என்று பெயர்.

இந்த மாத்திரையின் பிறப்புக் கதை நம் இயக்கத்தார் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டியதாகும். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்னும் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற ஒரு பெண்மணி இதை முதல் முதல் தயாரித்தார். எதற்காகத் தெரியுமா? கர்ப்பத்தடைக்காக! சுயமரியாதை இயக்கம் 1930-களிலேயே கர்ப்பத்தடை வேண்டுமென்று சொன்னபோது, "இது பாவம், தெய்வச் செயலில் கை வைப்பது" என்று மதவாதிகள் கூச்சல் போட்டார்கள். அதே கர்ப்பத்தடையைத் தேடிப் போன ஆராய்ச்சியில் அகப்பட்டதுதான் இந்த மருந்து. வேடிக்கை என்னவென்றால், கர்ப்பத்தைத் தடுப்பதற்கு அது உதவவில்லை. பெண்களிடத்தில் நேர் விரோதமான பலனைக் காட்டிற்று. சாஸ்திரக்காரராயிருந்தால் "எங்கள் சாஸ்திரம் பொய்யாகாது" என்று சாதித்திருப்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் "நாம் நினைத்தது தப்பு" என்று ஒப்புக் கொண்டு, வேறு எதற்காவது ஆகுமா என்று பார்த்தார்கள். மான்செஸ்டர் நகரத்து கிறிஸ்டி ஆஸ்பத்திரியில் மேரி கோல் என்னும் பெண் டாக்டரும் அவர் கூட்டாளிகளும் மார்பு நோய்க்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1971-இல் பலனை வெளியிட்டார்கள். 1973-இல் அது இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1977-இல் அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தது.

மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்குச் சினைப்பை வற்றிவிட்டாலும், உடம்பிலுள்ள கொழுப்பும் மற்ற இடங்களும் வேறொரு சுரப்பிலிருந்து இந்த ஈஸ்ட்ரோஜனைச் சிறிது சிறிதாகத் தயாரித்துக் கொண்டேயிருக்கின்றன. அந்தத் தயாரிப்பையே நிறுத்துகின்ற அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் முதலிய மாத்திரைகள் 1990-களில் வந்தன. ஆக, ஒன்று மடையை அடைப்பது. மற்றொன்று ஊற்றை வற்றச் செய்வது. இவ்வளவுதான் இந்த வைத்தியத்தின் இரகசியம்.

இதனால் பலன் உண்டா என்பதற்கு என்ன ருஜு? அதைச் சொல்லுகிறோம், கேளுங்கள். நோய்க்காரப் பெண்களைச் சீட்டுப் போட்டு இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கினருக்கு மாத்திரை கொடுத்தும், மற்றொரு பங்கினருக்குக் கொடுக்காமலும், வருஷக் கணக்கில் ஒவ்வொருவரையும் விடாமல் பின்தொடர்ந்து, யார் பிழைத்தார், யார் மாண்டார் என்று எண்ணுவது. இப்படிப் பல தேசங்களில் செய்த 20 பரீட்சைகளில் சேர்ந்த 21,457 பெண்களின் கணக்கை ஒன்றாய்க் கூட்டிப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். மடையுள்ள நோய்க்காரர்கள் சுமார் 5 வருஷம் டமாக்ஸிபென் சாப்பிட்டால், முதல் ஐந்து வருஷத்தில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. 15 வருஷ முடிவில் அந்த நோயால் சாகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மடையில்லாத நோய்க்காரர்களுக்கோ ஒரு பலனும் இல்லை என்பதையும் அதே கணக்கு ஒளிக்காமல் சொல்லிற்று.

இந்த மாத்திரையில் கெடுதி இல்லையா என்றால், உண்டு. உடம்பு திடீரென்று எரிந்து வியர்க்கும். சிலருக்குக் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டும். மாதவிலக்கு நின்ற பிறகு சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பையில் புற்று உண்டாகும். ஊற்றை வற்றச் செய்யும் மாத்திரைகளாலோ எலும்பு பலவீனமாகும், மூட்டு வலிக்கும். இதையெல்லாம் எதிரிகள் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அந்த மருந்தைக் கொடுக்கிறவர்களே எண்ணிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நன்மையையும் தீமையையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துக் காட்டுவதுதான் யோக்கியமான வியாபாரம். "எங்கள் சரக்கில் கெடுதியே கிடையாது" என்கிறவனிடத்தில் தராசே இல்லை என்று அர்த்தம்.

இனி இலை மருந்துக்கு வருவோம். இந்த மலையிலுள்ள பெரியவர்கள் செடி கொடிகளின் பெயரையும் குணத்தையும் நன்றாய் அறிந்தவர்கள். சாமைக் காட்டிலும் கேழ்வரகுக் காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் பாடுபட்டுக் கொண்டே, எந்த வேர் பேதிக்கு, எந்தப் பட்டை காயத்திற்கு என்று தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்துக் கற்றுக் கொண்டது அது. ஆகாயத்திலிருந்து எந்த முனிவனும் அதைக் கொண்டுவந்து போடவில்லை. அந்த அறிவை நாம் ஒருநாளும் பரிகசிக்க மாட்டோம். பரிகசிப்பதற்கு நியாயமும் இல்லை. ஏனெனில், இன்று புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகின்ற மருந்துகளிலேயே பல, செடியிலிருந்து வந்தவை.

நித்தியகல்யாணிச் செடி உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டிலும் பூக்கிறது என்பதற்காகச் சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து, வீட்டில் வைக்கலாகாது என்று ஒதுக்கினவர்கள் நம்மவர்கள். வேறு சில தேசத்து ஜனங்கள் அதன் இலையைக் கஷாயம் வைத்து நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1950-களில் கனடா தேசத்தில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அது உண்மைதானா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் குறைந்தன. உடனே "அப்படியானால் வெள்ளை அணுக்கள் பெருத்துவிடுகின்ற இரத்தப் புற்றுக்கு இது உதவுமா?" என்று கேட்டார்கள். இந்தச் செடியின்மேல் நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்கின்ற மருந்துகள். குழந்தைகளின் இரத்தப் புற்றை மாற்றுவதில் வின்கிரிஸ்டின் ஒரு பெரிய ஆயுதமாயிற்று. அதே செடியின் சத்தை வைத்துச் செய்த வினோரெல்பின் என்பது மார்பு நோய்க்கும் கொடுக்கப்படுகின்றது. நம் தென் ஜில்லாக்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அப்படியே அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து பாக்ளிடாக்செல் என்ற மருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்து 1971-இல் வெளியிட்டவர்கள் வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த வானி என்பவரும் ஆவார்கள். 1994-இல் அது மார்பு நோய்க்கு அங்கீகாரம் பெற்றது.

ஆகவே செடியிலிருந்து மருந்து வராது என்று யாராவது சொன்னால் அவர் விஷயம் தெரியாதவர். ஆனால் இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராம் சத்து எடுப்பதற்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த நித்தியகல்யாணி இலை வேண்டியிருக்கின்றது. அந்தச் சத்தையும் கையளவு பிசகினால் ஆளைக் கொன்றுவிடக்கூடிய விஷம் என்று தெரிந்து, துளிக்கணக்காய் நிறுத்து, ஊசி வழியாய்ச் செலுத்துகிறார்கள். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, வேலியோரத்து இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் கிடைக்கப் போவது வாந்தியும் மயக்கமுமே தவிர, வின்கிரிஸ்டின் அல்ல. கல்லுக்குள் இரும்பு இருக்கிறதென்பதற்காக, கல்லை எடுத்து மரத்தைச் செதுக்க முடியுமா?

இனி மஞ்சளைப் பாருங்கள். மஞ்சளின் சத்தாகிய குர்குமின், கண்ணாடிக் குப்பியில் வளர்த்த புற்று அணுக்களைக் கொல்லுகின்றது என்பது உண்மை. இதை வைத்துக்கொண்டு எத்தனை விளம்பரம்! கண்ணாடிக் குப்பியில் புற்று அணுவின்மேல் சவுக்காரத் தண்ணீரை ஊற்றினாலும்தான் சாகும். அதற்காகச் சவுக்காரத்தைக் கரைத்துக் குடிக்கிறதா? குப்பி வேறு, உடம்பு வேறு. தின்ற மஞ்சள் சத்தில் மிக அற்பமான பாகமே இரத்தத்தில் சேருகின்றது. இதைத் தெரிந்துகொண்ட வியாபாரிகள் மிளகின் சத்தையும் சேர்த்து விற்கிறார்கள். ஏனென்றால், மிளகுச் சத்தைச் சேர்த்தால் மஞ்சள் சத்து இரத்தத்தில் ஏறுவது சுமார் இருபது மடங்கு அதிகமாகிறதென்று பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். "பார்த்தீர்களா! மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் போதும்" என்பது வியாபாரியின் பிரசங்கம். ஆனால் பாதிக் கதையை மாத்திரம் சொல்லுகிறவன் முழுப் பொய்யனைவிட ஆபத்தானவன். மறுபாதியை நாம் சொல்லுகிறோம்.

டமாக்ஸிபென் மாத்திரை வயிற்றுக்குள் போனபடியே முழு வேலையும் செய்வதில்லை. கல்லீரல் அதை எண்டாக்ஸிபென் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றது. மடையை அடைப்பதில் பெரும் வேலை செய்வது அதுதான். ஹாலந்து தேசத்து ரோட்டர்டாம் ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை சாப்பிட்டு வந்த 16 பேருக்கு மஞ்சள் சத்தைக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் சத்தை மாத்திரம் சாப்பிட்டபோது எண்டாக்ஸிபென் நூற்றுக்கு சுமார் 8 பங்கு குறைந்தது. மிளகுச் சத்தும் சேர்ந்தபோது சுமார் 12 பங்கு குறைந்தது. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதனால் எத்தனை பேருக்குத் தீங்கு வரும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் "இது வெறும் இலைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சுக்கு அதுவே போதுமான பதில். அன்றியும் இப்படிப்பட்ட மஞ்சள் சத்து மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். நாம் குழம்பில் போடுகிற மஞ்சளையும் இம்மலையில் விளைகிற மிளகையும் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆகாரமாய்த் தின்பது வேறு. சத்தைப் பிழிந்து பிடிப் பிடியாய் விழுங்குவது வேறு.

சோயா மொச்சையின் சங்கதி இன்னும் விசித்திரமானது. அதிலுள்ள ஜெனிஸ்டீன் என்னும் பொருள் சாயலில் நம் ஈஸ்ட்ரோஜனுக்குத் தம்பிபோல் இருக்கின்றது. ஆகையால் அது அதே மடையில் போய் உட்காருகின்றது. உட்கார்ந்து அடைக்கிறதா, திறந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. எலிகளிடத்தில் அது புற்றை வளரவிட்டு, டமாக்ஸிபெனின் வேலையையும் கெடுத்திருக்கின்றது. ஆனால் சீன தேசத்தில் ஷாங்காய் நகரத்துப் பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், சோயாவை ஆகாரமாய்ச் சாப்பிட்டவர்களுக்குக் கெடுதி காணவில்லை. நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. ஒரே பொருள் எலியிடத்தில் ஒருவிதம், மனிதரிடத்தில் ஒருவிதம். ஆகாரமாய் ஒருவிதம், சத்தாய் ஒருவிதம். இப்படியிருக்க, "செடியிலிருந்து வந்தது, ஆகையால் நல்லது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறவர்களின் புத்தியை என்னவென்று சொல்லுவது?

தோழர்களே! இந்த இடத்தில்தான் இது சுயமரியாதைக்காரரின் பிரச்சினையாகின்றது. ஒரு மனிதன் எந்த வயிற்றில் பிறந்தான் என்று கேட்டு அவனுக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பதை நாம் ஒழிக்கப் பாடுபடுகின்றோம். என்ன செய்கிறான், எப்படி நடக்கிறான் என்று பார் என்கின்றோம். மருந்தினிடத்தில் மாத்திரம் அது காட்டில் பிறந்ததா, கம்பெனியில் பிறந்ததா என்று பிறப்பைக் கேட்டு மதிப்பது என்ன நியாயம்? "இலை" என்றால் பிராமணன், "மாத்திரை" என்றால் பஞ்சமன் என்பது ஒருசாரார் வர்ணாசிரமம். "இங்கிலீஷ் மருந்து" என்றால் உயர்வு, "நாட்டு மருந்து" என்றால் தாழ்வு என்பது படித்தவர்களின் வர்ணாசிரமம். இரண்டும் மூடத்தனமே. கம்பெனியில் பிறந்ததெல்லாம் யோக்கியமுமல்ல. 1950-களின் கடைசியில் தாலிடோமைட் என்ற மாத்திரையைக் கர்ப்ப ஸ்திரீகளின் வாந்திக்கு என்று ஐரோப்பாவில் விற்றார்கள். கை கால் இல்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகுதான் 1961-இல் நிறுத்தினார்கள். சரியாய்ப் பரீட்சை செய்யாத குற்றம் அது. ஆகவே எந்த மருந்தையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உன்னை எத்தனை பேரிடத்தில், யாரோடு ஒப்பிட்டு, எத்தனை வருஷம் எண்ணிப் பார்த்தார்கள்?" இதற்கு டமாக்ஸிபென் பதில் சொல்லுகின்றது, பாக்ளிடாக்செல் பதில் சொல்லுகின்றது. மூட்டை கட்டிக்கொண்டு வருகிற தூள் வியாபாரி பதில் சொல்லுவதில்லை. "ஆயிரம் பேருக்குக் குணமாயிற்று" என்கிறான். குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்றால் விழிக்கிறான். செத்தவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம் அவனுக்கு!

ஆஸ்பத்திரி வைத்தியத்தைத் தள்ளிவிட்டு மாற்று வைத்தியத்தை மாத்திரம் நம்பினவர்களின் கதியை அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையார் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். மார்பு நோய்க்காரர்களில், வழக்கமான வைத்தியம் செய்துகொண்டவர்களைக் காட்டிலும் அவர்கள் சாகும் அபாயம் ஐந்தரை மடங்குக்கு மேல் இருந்தது.

இனி ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். நமது சொந்தத் தமக்கையாருக்கே இந்த நோய் வந்தது. கட்டி தெரிந்தும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். மடையுள்ள நோய் என்று பார்த்து, ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு வருஷம் சாப்பிட்டார். உடம்பு எரிகிறது, இரவில் தூக்கமில்லை என்று அவதிப்பட்டபோது, "இங்கிலீஷ் மாத்திரை விஷமம்மா, இது பச்சிலை, சூடே கிடையாது" என்று ஒருவன் ஒரு தூளைக் கொடுத்தான். மாத்திரையை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் ஒரு வருஷத்திற்கு மேலாயிற்று. முதுகு வலி என்றார். எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள். போய்விட்டார். மாத்திரையை விடாமலிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் தூள் வியாபாரிக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. ஆனால் பிழைப்பதற்கிருந்த வழி ஒன்று அடைபட்டது என்பது நிச்சயம். அந்த நாளில் நாம் என்ன செய்து கொண்டிருந்தோம்? ஊர் ஊராய்ப் போய் மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டுமென்று மேடையில் முழங்கிக் கொண்டிருந்தோம். வீட்டிலிருந்த தமக்கையை "மாத்திரை சாப்பிடுகிறாயா அக்கா? உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்பிள்ளை கேட்கிற சங்கதியா என்று நமக்கும் வெட்கம்! பகுத்தறிவைப் பேசினவன் வீட்டிலேயே பகுத்தறிவு நுழையவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்த மலையேறி வந்தோம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"இந்த மாத்திரையெல்லாம் பணக்காரக் கம்பெனிகளின் கொள்ளை அல்லவா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். கம்பெனிக்காரன் லாபத்துக்காகத்தான் கடை வைத்திருக்கிறான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் டமாக்ஸிபெனின் தனியுரிமை தீர்ந்து எத்தனையோ காலமாயிற்று. இன்று பலரும் தயாரிக்கிறார்கள். அது இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்து ஜாபிதாவில் இருக்கின்றது. ஒரு நாள் மாத்திரையின் கிரயம் ஒரு டம்ளர் டீயின் கிரயத்திற்குள் அடங்கும். அந்தத் தூள்காரனுக்கு எத்தனை ரூபாய் கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். யார் கொள்ளைக்காரன் என்று விளங்கும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது.

அதே 1954-ஆம் ஆண்டில்தான் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தொடங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அதே அம்மையார்தான். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், விதி என்று சொல்லி உட்கார்ந்து அழவில்லை, ஆஸ்பத்திரி கட்டினார். இதுவல்லவா கண்ணீருக்கு மரியாதை!

தாய்மார்களே! இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகின்றோம்.

பம்பாயில் டாட்டா ஆஸ்பத்திரியார் 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள். பெரிய யந்திரமல்ல, பழக்கிய பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டு வருஷத்திற்கொரு முறை கையால் தொட்டுப் பார்த்ததுதான். நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடிந்தது. 2021-இல் வெளியான கணக்கில், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது சாவு குறைந்ததென்று உறுதியாய்ச் சொல்ல முடியவில்லை. ஆனால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. ஆகவே கட்டியோ, தோல் சுருங்குவதோ, காம்பு உள்ளிழுப்பதோ, இரத்தம் கசிவதோ தெரிந்தால், வலியில்லை என்று சும்மா இருக்காதீர்கள். இந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் சூது. முன்னெல்லாம் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கின மலை இது. இன்று ரோடு இருக்கின்றது. கீழே தருமபுரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. பூசாரியிடம் குறி கேட்கப் போகிற நேரத்தில் அங்கே போய்விடலாம்.

நோய் என்று கண்டால், "எனக்கு மடையுள்ள நோயா, இல்லாததா?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாத்திரை கொடுத்தால், உடம்பு எரிகிறதென்று நீங்களாய் நிறுத்தாதீர்கள். எரிகிறதென்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்க வழிகள் உண்டு. பச்சிலை சாப்பிடுகிறவர்கள் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுச் சீறி விழுகிற டாக்டர் இருந்தால், அவருக்கும் கொஞ்சம் பகுத்தறிவு தேவை என்று நாம் சொல்லுவோம்.

ஆண் தோழர்களுக்கு ஒரே வார்த்தை. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனவுடன், உங்கள் தாயையும் மனைவியையும் அக்காள் தங்கையையும் வெட்கப்படாமல் கேளுங்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வியை நீங்களாவது கேட்டால், இந்த மலையேறி வந்த கூலி நமக்குக் கிடைத்துவிட்டது.